முப்பதுக்கு ஒன்று

சமதளத்தில் ஓடும் நீராவி எஞ்சினைப் பதிவு செய்ய எனக்கு அவ்வளவாக ஆசை எழுந்ததில்லை. வேகம் கூடியதும் அதன் ஒலிகள் ஒன்றோடொன்று ஒட்டி இரைச்சலாகிவிடும். மேட்டில்தான் அவை பிரிந்து கேட்கின்றன, எண்ணிவிடலாம் என்கிற அளவுக்கு. பின்னால் எவ்வளவு பாரம் இருக்கிறது, தண்டவாளம் காய்ந்திருக்கிறதா ஈரமா, நெருப்புக்குக் கரி போடுகிறவர் கை பழகியவரா, டிரைவர் எந்த இடத்தில் யோசித்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். புகைப்படத்தில் பத்துப் பெட்டியை இழுக்கிற எஞ்சினும் வெறுமனே நிற்கிற எஞ்சினும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். பாரத்தைக் கேட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது.

மெல்பர்னிலும் சிட்னியிலும் அந்தப் பாரத்தைக் கேட்க நின்ற இடங்களைப் பற்றிய குறிப்புகள் இவை.

*

செல்பி

மெல்பர்னுக்குக் கிழக்கே டாண்டினாங் மலையில், பெல்கிரேவிலிருந்து ஜெம்புரூக் வரை ஏறத்தாழ 24 கிலோமீட்டர் ஓடும் ரயிலுக்குப் பஃபிங் பில்லி என்று பெயர். இரு தண்டவாளங்களுக்கும் இடையே 762 மில்லிமீட்டர்தான். விக்டோரியா அரசு செலவைக் குறைத்துப் போட்ட நான்கு குறும்பாதைகளில் இது ஒன்று. 1900 டிசம்பரில் திறந்தார்கள். மேலிருந்து மரமும் உருளைக்கிழங்கும் இறங்கின. நகரத்துக்காரர்கள் விடுமுறைக்கு ஏறினார்கள்.

குறும்பாதை என்பதால் மலையைக் குடையாமல் மலையோடு சேர்ந்து வளைந்து போகிறது. கடுமையான ஏற்றம் 30-க்கு 1. முப்பது அடி போனால் ஓர் அடி உயரும். நடந்து போகிறவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார். இரும்புச் சக்கரம் இரும்பின் மேல் உருளும் வண்டிக்கோ இது பெரிய மேடு. சமதளத்தில் ஒரு டன் பெட்டியை உருட்டச் சில கிலோ இழுப்பு போதும். 30-க்கு 1 ஏற்றத்தில் அதே டன்னுக்கு அதற்கு மேலும் 33 கிலோ இழுக்க வேண்டும். எஞ்சின் தன் எடையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டுதான் ஏறுகிறது.

பெல்கிரேவை விட்டதும் வண்டி முதலில் இறங்கும். எஞ்சினிலிருந்து பெரிதாகச் சத்தம் வராது. பிரேக்கின் உரசலும் பெட்டிகளின் கடகடப்பும்தான். மான்பல்க் ஓடைக்கும் சாலைக்கும் மேலே வளைந்து போகும் மரப்பாலத்தின் மேல் சக்கரங்கள் ஏறும்போது ஒலி திடீரென்று உள்ளீடற்றதாக மாறும். கீழே மண் இல்லை என்பது அப்போது காதுக்குத் தெரிகிறது. பாலம் தாண்டியதும் டிரைவர் நீராவியை விடும் ரெகுலேட்டரைத் திறப்பார். அந்தத் திறப்பைப் பிடிப்பதற்காகவே, வேலிக்கு வெளியே, செல்பி நிலையத்துக்குப் போகும் பக்கமாக மைக்கை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன்.

செல்பிக்கும் மென்சீஸ் கிரீக்குக்கும் நடுவே 1953இல் மண் சரிந்து பாதை அடைபட்டது. நஷ்டத்தில் ஓடிய பாதை. அடுத்த ஆண்டே மூடிவிட்டார்கள். 1955இல் அதைக் காப்பாற்ற ஒரு சங்கம் உருவானது. சரிந்த இடத்தைச் சுற்றிப் பாதை போட்டு, 1962இல் மென்சீஸ் கிரீக் வரை வண்டியை மறுபடி ஓட்டினார்கள். பிறகு எமரால்ட் 1965இல், லேக்சைட் 1975இல், ஜெம்புரூக் 1998இல். மென்சீஸ் கிரீக்கிலிருந்து ஜெம்புரூக் போய்ச் சேர 36 ஆண்டு. வார விடுமுறைகளைக் கொடுத்துக் கொடுத்து, கூலி வாங்காமல் வேலை செய்தவர்களின் 36 ஆண்டு. இன்றும் அந்த ரயிலைத் தாங்குகிறவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்களே. நான் பதிவு செய்யும் ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் அவர்கள் இருக்கிறார்கள் என்ற நினைவோடுதான் பொத்தானை அழுத்துகிறேன்.

*

நான்கு துடிப்பு

எஞ்சினின் இரு பக்கமும் ஒவ்வொரு சிலிண்டர். பிஸ்டன் போகும்போதும் நீராவி தள்ளுகிறது, வரும்போதும் தள்ளுகிறது. இரு பக்கத்துக் கிராங்குகளும் கால் சுற்று விலகி அமைந்திருப்பதால், சக்கரம் ஒரு முறை சுற்றினால் புகைபோக்கியில் நான்கு துடிப்பு.

பஃபிங் பில்லியின் என்ஏ வகை எஞ்சின்கள் அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனி வடிவமைத்தவை. இயக்கு சக்கரத்தின் விட்டம் 914 மில்லிமீட்டர்தான். மணிக்கு 15 கிலோமீட்டரில் ஏறினாலும் நொடிக்கு ஆறு துடிப்பு வந்துவிடும். சிட்னியின் புகழ்பெற்ற 3801 எண் எஞ்சினுக்குச் சக்கரம் 1.75 மீட்டர். அதே ஆறு துடிப்பு வர அது 30 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். ஆகவே சிறிய எஞ்சின் எப்போதும் அவசரமாகவும் பெரிய எஞ்சின் நிதானமாகவும் ஒலிக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வேகத்தைச் சொல்ல முடியாது. சக்கரத்தின் அளவு தெரிந்திருந்தால் சொல்லலாம்.

இந்தத் துடிப்பு வீணாக எழும் சத்தமும் அல்ல. வேலை முடிந்த நீராவி புகைபோக்கிக்கு நேர் கீழே ஒரு குழாய் வழியே மேல்நோக்கிப் பாய்கிறது. பாயும்போது சுற்றியுள்ள புகையையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் மறுமுனையில், நெருப்புப் பெட்டிக்குள், காற்று உறிஞ்சப்படுகிறது. எவ்வளவு கடினமாக உழைக்கிறதோ அவ்வளவு பலமாக இழுப்பு, அவ்வளவு கொழுந்துவிட்டு நெருப்பு, அவ்வளவு நீராவி. உழைப்பே உழைப்புக்கு வேண்டியதை ஊட்டும் இந்த ஏற்பாட்டை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டுகொண்டார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு அதைவிட எளிதான வழி யாருக்கும் தேவைப்படவில்லை.

ஏற்றத்தில் சத்தம் ஏன் கூர்மையாகிறது என்பதற்கும் காரணம் உண்டு. சமதளத்தில் டிரைவர் கொஞ்சம் நீராவியை உள்ளே விட்டு அடைத்துவிடுவார். அது விரிந்து விரிந்து தன் அழுத்தத்தையெல்லாம் பிஸ்டனுக்குக் கொடுத்துவிட்டு ஓய்ந்துபோய் வெளியேறும். மேட்டில் அப்படி முடியாது. பிஸ்டனின் ஓட்டத்தில் பெரும்பகுதிக்கு நீராவி பாய்ந்துகொண்டே இருக்க வேண்டும். அது வெளியேறும்போது அழுத்தம் மிச்சமிருக்கும். அந்த மிச்சம்தான் வெடிப்பாக நமக்குக் கேட்கிறது.

*

காத்திருப்பு

குளிர்கால விடியல் நல்லது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலுள்ள காற்று சற்றே வெதுவெதுப்பாகவும் இருக்கும் நாட்களில் ஒலி மேலே தப்பிப் போகாமல் கீழ்நோக்கி வளைந்து வருகிறது. இரண்டு மூன்று வளைவுக்கு அப்பாலிருக்கும் வண்டியும் காதுக்கு எட்டிவிடும். நல்ல பதிவு வண்டி வருவதற்கு வெகுமுன்பே தொடங்கிவிட வேண்டும்.

மைக்கின் மேல் ரோம உறை. ரெக்கார்டரின் அளவை விசிலுக்கு இடம் விட்டு வைக்க வேண்டும். துடிப்புக்கு அளவு வைத்தால் விசில் வந்ததும் எல்லாம் உடைந்துவிடும். பிறகு செய்ய ஒன்றும் இல்லை. அசையக் கூடாது. மழைக்கோட்டு உராய்ந்தால் பதிவாகும், எச்சில் விழுங்கினால்கூடப் பதிவாகும். ஹெட்ஃபோனில் என் மூச்சு எனக்கே கேட்கும்போது ஒரு அடி பின்னால் போவேன். நாம் இருக்கும் இடத்தில் நாம் இல்லாதது போல இருக்கப் பழக வேண்டும். எனக்குத் தெரிந்து இதற்கு இணையான தியானப் பயிற்சி வேறில்லை.

அந்த நேரத்தில் காடு பேசுகிறது. மவுண்டன் ஆஷ் என்னும் யூகலிப்டஸ் மரங்கள், உலகில் பூக்கும் மரங்களிலேயே மிக உயரமான வகைகளில் ஒன்று, பட்டையை நீளநீளமாக உரித்துப் போடும். காற்றில் அந்தப் பட்டை அடிமரத்தில் மோதும் ஒலி ஒன்று உண்டு. பெரணி மரங்களின் மேல் பனித்துளி சொட்டும். பெல்கிரேவை ஒட்டிய செர்புரூக் காட்டில் லைர் பறவை இருக்கிறது. மற்றப் பறவைகளின் குரலையெல்லாம் கேட்டுக் கேட்டுத் தன் பாட்டில் கோத்துக்கொள்ளும் பறவை. 1930களின் தொடக்கத்திலேயே அதன் குரலைப் பதிவு செய்ய ஆட்கள் கனமான கருவிகளைச் சுமந்துகொண்டு இந்தக் காட்டுக்குள் வந்தார்கள். ஆகவே இந்த மலையில் ஒலியைத் தேடி வந்து அசையாமல் நிற்பது பழைய வழக்கம். இங்கு நிற்கும்போது அந்த முன்னோர்களின் வரிசையில் நிற்கிறேன் என்று தோன்றும்.

வண்டி கடந்து போன பிறகும் ரெக்கார்டரை நிறுத்தக் கூடாது. துடிப்பு மலைக்குப் பின்னால் போய், திரும்பி, மறுபடி கேட்டு, கடைசியில் நின்றதா நிற்கவில்லையா என்ற சந்தேகத்தில் முடியும். பறவைகள் திரும்பவும் தொடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதும் பதிவில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கடும் வெயில் காலத்தில், திறந்த வெளியில் நெருப்பே கூடாது என்று அரசு தடை விதிக்கும் நாட்களில், டீசல் எஞ்சின் வரும். அந்த நாட்களில் மைக்கை எடுப்பதில்லை. காட்டுத்தீ இந்த மலையை என்ன செய்யும் என்று தெரிந்தவர்கள் எடுத்த முடிவு அது.

*

கோவன்

சிட்னிக்கு வடக்கே ஹாக்ஸ்பரி ஆற்றின் மேல் 1889இல் ரயில் பாலம் திறந்தார்கள். அங்கிருந்து சிட்னி நோக்கி வரும் வண்டி, ஆற்றோரத்து நிலையத்தை விட்டதும் கோவன் வரை ஏற வேண்டும். 40-க்கு 1, கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர். தண்ணீர் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர். இடையில் இளைப்பாற இடமில்லை. மணற்பாறைச் சரிவுகள், ரயில் போகும் குகைகள், கீழே நீரின் வெளி.

தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று கேட்டால் ஒலி மறைந்து மறைந்து வரும். குகைக்குள் போனதும் அறுந்துவிடும். வெளியே வந்ததும் முன்பைவிட உயரத்திலிருந்து கேட்கும். ஏறுவதை இப்படிக் கேட்க வேறு எங்கும் எனக்கு வாய்த்ததில்லை. எவ்வளவு தொலைவு என்பதைவிட எவ்வளவு உயரம் என்பது காதில் விழுகிறது.

இந்த மேட்டைப் பற்றிப் பேசும்போது 1990 மே 6ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. 3801 இழுத்து வந்த சிறப்பு ரயில் அன்றிரவு கோவன் மேட்டில் ஏற முடியாமல் திணறியது. சக்கரம் வழுக்காமல் பிடிக்க எஞ்சினிலிருந்து தண்டவாளத்தின் மேல் மணல் தூவுவார்கள். நீராவிக் காலம் முழுக்க உலகெங்கும் இருந்த வழக்கம். தண்டவாளத்தின் வழியே ஓடும் மெல்லிய மின்சாரத்தைக் கொண்டுதான் முன்னால் வண்டி நிற்கிறதா என்று சிக்னல் அறிகிறது. அந்த மணல், சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே மின்சாரத்தைத் தடுத்துவிட்டது. ரயில் அங்கே இருப்பது சிக்னலுக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த மின்சார ரயில் மோதியது. ஆறு பேர் இறந்தார்கள்.

சக்கரம் வழுக்குவது பதிவுகளில் மிகவும் விரும்பிக் கேட்கப்படும் ஒலி. நிதானமான துடிப்பு சட்டென்று பொங்கி ஒரே உறுமலாகும், டிரைவர் ரெகுலேட்டரை அடைப்பார், ஒரு கணம் அமைதி, மணல், மறுபடி முதல் துடிப்பிலிருந்து. அதைக் கேட்டு நண்பர்கள் மகிழ்வார்கள், நானும்தான். ஆனால் கோவனில் பதிவானதைக் கேட்கும்போது அந்த ஆறு பேரும் நினைவுக்கு வருகிறார்கள். வர வேண்டும் என்றே நினைக்கிறேன். எடையைத் தூக்குவது எக்காலத்திலும் ஆபத்து கலந்த வேலை.

*

இரண்டு தவில்

காரட் என்ற வகை எஞ்சினைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஒரே கொதிகலன், அதன் முன்னும் பின்னும் தனித்தனியாக இரண்டு எஞ்சின் தொகுதிகள். வளைவும் ஏற்றமும் சேர்ந்து வரும் பாதைகளுக்காக மான்செஸ்டரின் பேயர் பீகாக் கம்பெனி கட்டியது. விக்டோரியாவின் குறும்பாதைகளுக்கு இரண்டு வந்தன, 1926இல். அவற்றில் ஜி42 தப்பிப் பிழைத்து, பழுது நீங்கி, 2004இல் பஃபிங் பில்லியில் மறுபடி ஓடியது. நியூ சவுத் வேல்ஸில் 1952 முதல் ஓடியவை பெரியவை, 250 டன்னுக்கு மேல். அம்மாநிலத்தில் அரசு ரயில்வேயின் அன்றாட வேலையில் கடைசியாக இருந்த நீராவி எஞ்சினும் காரட்தான். 1973இல் நிறுத்தினார்கள்.

இரண்டு தொகுதிக்கும் ஒரே புகைபோக்கி. ஆனால் இரண்டையும் பிணைக்கும் தண்டு கிடையாது. ஒவ்வொன்றும் தன் போக்கில் நான்கு நான்காகத் துடிக்கும். சக்கரங்கள் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும், ஒன்று இம்மி வழுக்கினாலும், கணக்கு விலகும். முதலில் இரண்டும் சேர்ந்து நான்காகக் கேட்கும். பிறகு ஒவ்வொரு துடிப்பும் இரட்டிக்கும். பிறகு எட்டும் சீராகப் பிரிந்து ஓடும். மெல்ல மெல்ல மறுபடி ஒன்றின் மேல் ஒன்று வந்து உட்கார்ந்து கனக்கும். கோயில் திருவிழாவில் இரண்டு தவில்காரர்கள் பேசி வைத்துக்கொள்ளாமலே விலகிப் போய், பிறகு சமத்தில் வந்து விழுவதைக் கேட்டிருக்கிறேன். காரட்டின் ஏற்றத்தை முதலில் கேட்டபோது கை தானாகத் தொடையில் தாளம் போட்டது. மைக் அருகில் இருந்ததால் அதுவும் பதிவாகிவிட்டது. அழிக்க மனமில்லை.

ஆறு துடிப்பும் உண்டு. சிட்னிக்கு மேற்கே நீலமலையில் வேலி ஹைட்ஸ் என்னும் இடத்திலிருந்து பாதை 33-க்கு 1 என்று ஏறத் தொடங்குகிறது. கட்டூம்பா வரை தள்ளிவிடும் துணை எஞ்சின்களுக்காகவே அங்கே 1914இல் ஒரு கொட்டகை திறந்தார்கள். மூன்று சிலிண்டர் உள்ள 57 வகையின் 5711 எண் எஞ்சின் இப்போது அந்தக் கொட்டகையில் நிற்கிறது. சுற்றுக்கு ஆறு துடிப்பு. இன்று அது ஓடுவதில்லை. அந்த ஒலியைத் தேடுகிறவர் பழைய நாடாக்களிடம்தான் போக வேண்டும். 1957இல் நீலமலைப் பாதை மின்மயமாகிவிட்டது. அதற்கு முன்னால் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு மலையேறியவர் மிகச் சிலரே இருந்திருப்பார்கள்.

*

ஹேண்ட்ஃபோர்டும் ஷெஃபரும்

1948இல் பாரிஸின் பாத்தினியோல் நிலையத்தில் பியர் ஷெஃபர் எஞ்சின்களின் ஒலியைப் பதிவு செய்து, கோத்து, ஒரு சிறிய இசையை உருவாக்கினார். பதிவு செய்த ஒலிகளை மட்டுமே கொண்டு இசை அமைக்கும் மரபு அங்கிருந்து கிளைத்தது. எஞ்சினை மறந்துவிட்டு ஒலியை ஒலியாகவே கேட்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

இங்கிலாந்தின் பீட்டர் ஹேண்ட்ஃபோர்ட் திரைப்பட ஒலிப்பதிவாளர். 'அவுட் ஆஃப் ஆப்ரிக்கா' படத்துக்காக ஆஸ்கர் பெற்ற குழுவில் ஒருவர். 1950களிலிருந்து தன் சொந்த நேரத்தில் ரயில்களைப் பதிவு செய்து டிரான்சகார்ட் என்ற பெயரில் இசைத்தட்டுகளாக வெளியிட்டார். இரவில் ஓடும் ரயில்களுக்கென்றே ஒரு தட்டு உண்டு. அவருடைய பதிவுகளில் எஞ்சினோடு நாயும் ஆந்தையும் சிக்னல் கம்பியும் மழையும் இருக்கும். எஞ்சின் எந்த ஊரில், எந்தப் பருவத்தில் ஏறியது என்று கேட்கிறவருக்குப் புரியும்.

ஷெஃபரை மதிக்கிறேன். ஆனால் என் மனம் ஹேண்ட்ஃபோர்டின் பக்கம். 30-க்கு 1 ஏற்றத்தில் வரும் ஒலியிலிருந்து மலையைப் பிரித்து எடுத்துவிட்டால் மீதி என்ன இருக்கிறது? அந்த ஒலியை உண்டாக்குவதில் மலைக்குப் பாதிப் பங்கு.

*

றம்புக்கணை

மெல்பர்னில் எங்கள் வீட்டுக்கு அருகே யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் இருக்கிறார். எழுபது கடந்தவர். செல்பியில் எடுத்த பதிவை ஹெட்ஃபோனில் போட்டுக் கொடுத்தேன். பாதியில் கழற்றிவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது சின்னன். கண்டிக்குப் போகேக்க றம்புக்கணையில பின்னுக்கு இன்னொரு எஞ்சின் கொழுவுவினம். முன்னுக்கு ஒண்டு இழுக்கும், பின்னுக்கு ஒண்டு தள்ளும். கடுகண்ணாவை மட்டும் ரெண்டும் மாறி மாறிக் கத்தும். நாங்கள் சின்னப் பிள்ளையள், நித்திரை கொள்ள மாட்டம்."

"அதை யாராவது பதிவு செய்திருப்பார்களா அண்ணை?"

"ஆர் செய்யிறது? அப்ப அது சத்தம்தானே."

பிறகு ஹெட்ஃபோனை மறுபடி மாட்டிக்கொண்டு முடியும்வரை கேட்டார். இரண்டு எஞ்சினும் எப்படிக் கத்தின என்று வாயால் செய்துகாட்டச் சொன்னேன். செய்தார். அதைப் பதிவு செய்துவைத்திருக்கிறேன்; கோப்பின் பெயர் 'றம்புக்கணை'.

*

கல்லாறு

நான் மேட்டுப்பாளையத்துக்காரன். கல்லாறு தாண்டியதும் நீலகிரி ரயில் ஏறும் ஏற்றம் ஏறத்தாழ 12-க்கு 1. செல்பியைப் போல இரண்டரை மடங்கு. வெறும் சக்கரத்தால் முடியாது. இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல்லுள்ள இரும்புச் சட்டம், அதில் கடிக்கும் பற்சக்கரம். 1899இல் குன்னூர் வரை திறந்த பாதை, 1908இல் ஊட்டியை எட்டியது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் வடிவமைத்த எக்ஸ் வகை எஞ்சினில் நான்கு சிலிண்டர். இரண்டு, சக்கரத்தை ஓட்டும். அவற்றிலிருந்து வெளியேறும் நீராவியை வாங்கி மற்ற இரண்டும் பற்சக்கரத்தைச் சுழற்றும். ஒரே நீராவி இரண்டு தடவை உழைத்த பிறகுதான் புகைபோக்கிக்கு வருகிறது. வண்டியோ மெதுவாகத்தான் போகும். துடிப்பு மட்டும் வேகமாக, மூச்சு முட்டும்படி வரும். சமவெளிப் பாதையும் பற்சக்கரப் பாதையும் சேரும் இடத்தில் அந்த மாற்றத்தைக் கேட்கலாம்.

ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று தள்ளுகிறது. முன் பெட்டியில் பயணிகளுக்குப் பறவையும் அருவியும் கேட்கும். உழைப்பு கீழேயிருந்து வரும். ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக்ஸ்மேன் இருப்பார். கொடியும் விசிலும்தான் அவர்களுக்கும் டிரைவருக்கும் இடையே பேச்சு. அந்தப் பேச்சையும் பதிவு செய்ய வேண்டும். 2011 முதல் திருச்சி பொன்மலைப் பணிமனையில் எண்ணெயில் எரியும் புதிய எஞ்சின்களைக் கட்டத் தொடங்கினார்கள். கரி எரியும் நெருப்பும் எண்ணெய் எரியும் நெருப்பும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. எண்ணெய் நெருப்பில் அடியில் ஓர் ஓயாத உறுமல் இருக்கும். துடிப்பு அதன் மேல் ஏறி வரும். இரண்டும் காப்பாற்ற வேண்டியவையே.

ஊரில் இருக்கும் தம்பிமார்களில் இதில் விருப்பமுள்ளவர்கள் யாராவது செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டி புறப்படும். கல்லாறு நிலையத்திலோ, பொது வழியிலோ, பாதைக்கு வெளியே நில்லுங்கள். நல்ல கைபேசி போதும், மைக்கின் மேல் ஒரு துண்டுத் துணி. வண்டி வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே தொடங்கி, போன பிறகும் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். முடிந்ததும், மறப்பதற்கு முன், உங்கள் குரலிலேயே அதன் கடைசியில் சொல்லி வையுங்கள்: தேதி, நேரம், இடம், எஞ்சின் எண், எத்தனை பெட்டி, கரியா எண்ணெயா, மழை பெய்ததா, மைக் தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் இருந்தது.